சின்ன மாத்திரை எழுதிட்டாரேன்னு கவலைப்படாதீங்க: குறுகிய வீச்சு ஆன்டிபயாட்டிக்கைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி

கல்ச்சர் ரிப்போர்ட்டை, அதாவது லேபில் கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் விலை கூடிய ஊசியை நிறுத்தி, கிளாக்சசிலின், பென்சிலின், நைட்ரோஃபுரான்டாயின் மாதிரி பழைய பெயர் ஒன்றை எழுதிக் கொடுத்தால் நம் ஊரில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. காட்பாடிப் பக்கம் மருந்துக் கடை கவுன்டரில் நிற்கிற எனக்கு இது அன்றாடக் காட்சி. "இன்னாங்க, அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி, மூணு நாள் ரிப்போர்ட்டுக்கு அலைஞ்சு, கடைசியில இந்த மாத்திரையா எழுதிக்கிறாரு? இதவிடப் பவரா ஒண்ணு குடுங்க" என்பார்கள். மருந்தை மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்றால் பக்கத்துக் கடையில் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பது கண்ணிலேயே தெரியும்.

அந்தச் சின்ன மாத்திரைதான் அவருடைய கிருமிக்குச் சரியான அடி. அதை எப்படி வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது, எதையெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவு செய்வது டாக்டர்தான். அந்த முடிவு வீட்டுக்கு வந்த பிறகு கெட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

முதலில் கொஞ்சம் அடிப்படை. 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டேனிஷ் மருத்துவர் பாக்டீரியாக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்பவை கிராம் பாசிட்டிவ், ஊதா கழுவிப்போய் இளஞ்சிவப்பாகத் தெரிபவை கிராம் நெகட்டிவ். கொப்புளம், கட்டி, சீழ்ப்புண் போடுகிற ஸ்டாஃப், தொண்டையைப் பிடிக்கிற ஸ்ட்ரெப் எல்லாம் முதல் வகை. மூத்திரக்கடுப்பு உண்டாக்குகிற ஈ.கோலை, டைஃபாய்டு கிருமி போன்றவை இரண்டாம் வகை, இவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. அந்தச் சவ்வைத் தாண்ட முடியாத மருந்துகள் பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் கிருமிகளோடு நின்றுவிடும். பழைய பென்சிலினும் கிளாக்சசிலினும் அப்படித்தான், ஐ.சி.யூ.வில் போடுகிற வான்கோமைசினும்கூட மூலக்கூறு பெரிதாக இருப்பதால் அந்தச் சவ்வுக்குள் நுழைய முடியாமல் அதே பக்கம்தான் நிற்கிறது. ஆக, குறுகிய வீச்சு என்றால் விலை குறைந்தது என்றோ வீரியம் குறைந்தது என்றோ ஆகாது. எத்தனை வகைக் கிருமிகளைத் தொடும் என்பதற்கான அளவு அது, அவ்வளவுதான்.

இலவம்பாடி முள் கத்திரித் தோட்டத்தில் கோரை முளைத்திருந்தால் கோரையைப் பிடுங்குவோமா, தோட்டம் முழுக்கக் களைக்கொல்லி அடிப்போமா? நம் குடலில் ஏராளமான நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, அகன்ற வீச்சு மருந்து போகிற வழியில் அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், பெண்களுக்கு வெள்ளைப்படுதல், சிலருக்கு சி.டிஃபிசில் என்ற கிருமியால் வருகிற மோசமான குடல் அழற்சி எல்லாம் இந்த வழியாகத்தான் வருகின்றன. குறுகிய வீச்சு மருந்திலும் இவை வரலாம், ஆனால் வாய்ப்பு குறைவு. அதோடு, தப்பிப் பிழைக்கிற பாக்டீரியா மருந்தை எதிர்க்கப் பழகி, அந்தத் திறமையைப் பக்கத்துக் கிருமிகளுக்கும் கடத்திவிடும். அடுத்த வருஷம் உங்களுக்கே மூத்திரத் தொற்று வரும்போது போட்ட மாத்திரை எதுவும் கேட்காமல் ஊசிக்குப் போக வேண்டியிருப்பது இதனால்தான்.

பவர் விஷயத்துக்கு வருவோம். ரத்தத்தில் சாதாரண ஸ்டாஃப், அதாவது மெதிசிலினுக்கு அடங்குகிற ஸ்டாஃப் இருந்தால், வான்கோமைசினைவிடக் கிளாக்சசிலின் குடும்பமும் செஃபசோலினும்தான் நன்றாக வேலை செய்கின்றன. வான்கோமைசின் விலை அதிகம், கேட்டால் பெரிய மருந்து, ஆனால் இந்தக் கிருமிக்கு அது இரண்டாம் தரம். தொண்டையைத் தாக்கும் குரூப் ஏ ஸ்ட்ரெப் இன்னும் வேடிக்கை. பென்சிலின் புழக்கத்துக்கு வந்து எண்பது வருஷம் தாண்டியும் நோயாளியிடமிருந்து எடுத்த ஸ்ட்ரெப் எதுவும் பென்சிலினுக்கு அடங்காமல் போனதாகப் பதிவு இல்லை. அதே கிருமி அசித்ரோமைசினை எதிர்ப்பது உலகம் முழுக்க உண்டு. ஆனால் தொண்டை வலி என்று வருகிறவர்கள் கேட்பது என்னவோ "அந்த மூணு நாள் மாத்திரை".

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று கூடைகளாகப் பிரித்தது. முதலில் எடுக்க வேண்டியவை, எச்சரிக்கையோடு எடுக்க வேண்டியவை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொட வேண்டியவை. அமாக்சிசிலின், கிளாக்சசிலின், செஃபலெக்சின், நைட்ரோஃபுரான்டாயின், பென்சதீன் பென்சிலின் எல்லாம் முதல் கூடை. நாம் கடலை மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிற அசித்ரோமைசின், செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின் மூன்றும் இரண்டாம் கூடை. செஃபிக்சிம் இந்தியாவில் எச்1 பட்டியலிலும் இருக்கிறது. 2014 மார்ச் முதல் அந்தப் பட்டியல் மருந்தை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அகன்ற வீச்சு மருந்தே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய் வாதம் செய்யக் கூடாது. ரத்தத்தில் நச்சு ஏறி பி.பி. இறங்கினவர், மூளைக்காய்ச்சல் சந்தேகம் உள்ளவர், கீமோதெரபியில் வெள்ளணு குறைந்து காய்ச்சல் வந்தவர், பிறந்த சில நாட்களேயான குழந்தை, இவர்களுக்கெல்லாம் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. என்ன கிருமி என்று தெரியாதபோது பலதையும் அடிக்கிற மருந்தை உடனே ஏற்றுவதுதான் சரி. இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் வந்ததும் அதை நிறுத்தி, அந்தக் கிருமிக்கான மருந்துக்கு இறங்குவார்கள். வார்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் "ஊசியைக் குறைச்சுட்டாங்க, கவனிக்க மாட்டேங்கறாங்க" என்று பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் நோயாளி விஷயத்தில் அதுவரை இருட்டில் இருந்த டாக்டருக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் மாத்திரைக்கு முன்னாடி சாம்பிள்

குறுகிய வீச்சு மருந்து எழுத வேண்டுமென்றால் டாக்டருக்குக் கிருமியின் பெயர் தெரிய வேண்டும், அல்லது நோயைப் பார்த்தே ஊகிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பெயர் தெரிய வேண்டிய இடத்தில் எல்லாமே சாம்பிளில்தான் இருக்கிறது. வீட்டில் கிடந்த இரண்டு மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால், கிருமி செத்தும் சாகாமலும் இருந்து, "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வரும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை.

மூத்திர கல்ச்சர் என்றால் லேபில் தருகிற மூடி போட்ட சுத்தமான டப்பாவை மட்டும் பயன்படுத்துங்கள். ஜாம் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் எதுவும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் சரி. கையை சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தைத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்து, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்பக்கத்தையோ மூடியின் உட்பக்கத்தையோ விரலால் தொடக் கூடாது. பிடித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். ஒடுகத்தூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் காலையில் வீட்டிலேயே பிடித்து, பையில் போட்டு, வெயிலில் பஸ் ஏறி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் அந்த டப்பா இன்குபேட்டர் மாதிரிதான், ஒன்றிரண்டு கிருமி லட்சமாகி ரிப்போர்ட்டே பொய்யாகிவிடும். லேபுக்கு வந்த பிறகு அங்கேயே பிடித்துக் கொடுப்பது நல்லது. காலை முதல் மூத்திரம்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தால், வேலூரிலேயே தங்கியிருந்தால் ஒழிய, தூரத்தை டாக்டரிடம் சொல்லி வேறு நேரத்துக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி, சீழ் என்றால் மேலே வழிகிறதைப் பஞ்சில் தொட்டு எடுப்பதைவிட, சுத்தம் செய்த பிறகு உள்ளிருந்து எடுக்கிற சீழ்தான் உண்மையைச் சொல்லும். பெரிய கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றாமல் வெறும் மாத்திரையால் ஆற்றிவிடலாம் என்று நினைப்பதும் தப்பு, சீழுக்குள் மருந்து ஒழுங்காகப் போகாது.

சளி, மூக்கொழுகல், டெங்கு, பெரும்பாலான வைரஸ் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் குறுகியதும் வேண்டாம், அகன்றதும் வேண்டாம். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

டாக்டர்தான் படிக்க வேண்டும், ஆனால் நீங்களும் கொஞ்சம் தெரிந்துவைத்திருந்தால் பயம் போகும். நடுத்தர வயது அம்மா ஒருவருக்கு வருகிற வழக்கமான ரிப்போர்ட் இப்படி இருக்கும்: மேலே எஸ்செரிஷியா கோலை (ஈ.கோலையின் முழுப் பெயர்), அதன் பக்கத்தில் ஒரு மி.லி.க்கு 1,00,000-க்கு மேல் என்று ஒரு எண்ணிக்கை. கீழே மருந்துப் பட்டியல். சிப்ரோஃப்ளாக்சசின் ஆர், செஃபிக்சிம் ஆர், நைட்ரோஃபுரான்டாயின் எஸ், மெரோபெனம் எஸ். எஸ் என்றால் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ என்றால் இடைப்பட்டது, அளவைக் கூட்டினாலோ மருந்து அந்த இடத்தில் நன்றாகச் சேர்ந்தாலோ வேலை செய்யலாம்.

சில ரிப்போர்ட்டில் எம்.ஐ.சி. என்று ஒரு எண்ணும் இருக்கும், கிருமி வளராமல் நிறுத்தக் குறைந்தபட்சம் எவ்வளவு மருந்து வேண்டும் என்பதன் அளவு அது, இதை வைத்துத்தான் குழப்பம். நைட்ரோஃபுரான்டாயினுக்கு 16 என்றும் மெரோபெனத்துக்கு 0.25 என்றும் போட்டிருந்தால், சின்ன எண்தான் நல்ல மருந்து என்று இன்டர்நெட்டில் படித்துவிட்டு அகன்ற வீச்சு ஊசி மருந்தான மெரோபெனத்தைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. ஈ.கோலைக்கு நைட்ரோஃபுரான்டாயின் 32 வரை எஸ், மெரோபெனம் 1 வரை எஸ். அதனால் 16-ம் பாஸ்தான், 0.25-ம் பாஸ்தான். பாஸான மருந்துகளில் எது குறைவான சேதத்தோடு வேலையை முடிக்கும் என்று பார்த்து டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் எழுதுகிறார். மெரோபெனத்தைக் காய்ச்சல் இல்லாத மூத்திரக்கடுப்புக்குக் கேட்பது அநியாயம்.

இன்னொன்று, ஸ்டாஃப் வந்த ரிப்போர்ட்டில் கிளாக்சசிலின் என்ற பெயரே பெரும்பாலும் இருக்காது. "லிஸ்ட்லயே இல்லாத மருந்தை எழுதிட்டாரு" என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். செஃபாக்சிடின் அல்லது ஆக்சசிலின் என்ற வரியைப் பாருங்கள். லேபில் அவற்றைத்தான் சோதித்துப் பார்ப்பார்கள், அதில் எஸ் என்றால் கிளாக்சசிலினும் கேட்கும். அதில் ஆர் என்றால் அது எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃப், கிளாக்சசிலின், செஃபலெக்சின் இரண்டும் வீண், டாக்டர் வேறு குடும்பத்துக்குப் போவார்.

மருந்து வாரியாகச் சில விஷயங்கள்

கிளாக்சசிலின்: ஸ்டாஃப் கிருமி பென்சிலினை உடைக்கிற நொதி ஒன்றைச் சுரக்கும், அதற்குத் தாக்குப்பிடிப்பதற்காகவே உருவாக்கிய மருந்து இது. வயிறு காலியாக இருக்கும்போதுதான் நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரோடு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருப்பார்கள், இதுதான் எல்லாரும் தடுமாறுகிற இடம். காலையில் எழுந்ததும் டீக்கு முன்னால் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது ஒன்று என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். செல்போனில் நாலு அலாரம் வையுங்கள். ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொன்னால், தினம் குறைந்த தடவை போடுகிற மருந்து பொருந்துமா என்று பார்ப்பார். இந்தக் குடும்ப மருந்துகள் கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பவை. ரத்தத்தில் மருந்தின் அளவு போதுமான நேரம் நிலைத்து நின்றால்தான் வேலை நடக்கும். மதிய டோஸை விட்டுவிட்டு ராத்திரி இரண்டாகப் போட்டால் கணக்கு சரியாகாது.

அமாக்சிசிலினும் கிளாக்சசிலினும் சேர்த்து ஒரே கேப்சூலாக வருவது நம் ஊரில் ரொம்பப் பிரபலம். என் கருத்து, பெரும்பாலான தோல் தொற்றுக்கு அந்தக் கலவை தேவையில்லை. ஸ்டாஃபை அடிப்பது கிளாக்சசிலின் மட்டும்தான், அதுவும் கேப்சூலில் பாதி அளவாகிவிடுகிறது, அமாக்சிசிலின் சும்மா குடலைக் கலக்கிவிட்டுப் போகிறது. சீட்டில் தனிக் கிளாக்சசிலின் எழுதியிருந்து கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கலவையை நீட்டினால், இல்லை என்று திருப்பிக் கொடுங்கள்.

கொப்புளம் வந்தால் கத்திரிக்காய், கருவாடு கூடாது, கரப்பான் என்று வீட்டில் சொல்வார்கள். பாட்டியோடு சண்டை போட வேண்டாம், ஆனால் மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கத்திரிக்காய் சாப்பிட்டுவிட்டோமே என்று மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் சரி.

நைட்ரோஃபுரான்டாயின்: இது ரத்தத்தில் தங்காமல் நேராக மூத்திரத்தில் போய்ச் சேருகிற மருந்து. அதனால் மூத்திரப்பையில் உள்ள தொற்றுக்கு அருமை, சிறுநீரகத்துக்கு ஏறிவிட்ட தொற்றுக்கு உதவாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி என்று இருந்தால் கடையில் இதைக் கேட்டு வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதைச் சாப்பாட்டோடு போட வேண்டும், கிளாக்சசிலினுக்கு நேர் எதிர். மெதுவாகக் கரைகிற 100 மி.கி. மாத்திரை தினம் இரண்டு வேளை, பெண்களுக்கு வழக்கமாக ஐந்து நாள். மூத்திரம் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பயப்பட வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்கள், பிரசவ நாள் நெருங்கியவர்கள், ஜி6பி.டி. என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் இதைப் போடக் கூடாது, அதனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருந்தால் காட்டுங்கள். புதிதாக மூச்சுத்திணறல், இருமல், கை கால் மரத்துப்போவது மாதிரி வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

பென்சிலின்: ஸ்ட்ரெப் தொண்டைக்கு மாத்திரையாகப் போட்டால் பத்து நாள். இரண்டாம் நாளே வலி போய்விடும், பிள்ளையும் ஓட ஆரம்பித்துவிடும், மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். பாதியில் நிறுத்துவது இங்கே ரொம்பப் பெரிய விஷயம். ஏனென்றால் தொண்டையில் மிச்சமிருக்கிற ஸ்ட்ரெப் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சலைக் கொண்டுவந்து, மூட்டு வீங்கி, இதய வால்வைக் கெடுத்துவிடும். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1961-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், வால்வு கெட்டு அறுவை சிகிச்சைக்குப் போகிற நிலையைப் பல பிள்ளைகளுக்குத் தடுப்பது இந்தப் பழைய பென்சிலின்தான்.

ஒரு தடவை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டால், மறுபடி வராமலிருக்க பென்சதீன் பென்சிலின் ஊசி மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வருஷக் கணக்கில் போட வேண்டியிருக்கும். சீட்டில் பெனிடியூர் எல்.ஏ. 12 என்று இருப்பது 12 லட்சம் யூனிட், எடை குறைந்த பிள்ளைகளுக்கு அதில் பாதி. வலிக்கும், பொய் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். மருந்து கெட்டியான வெள்ளைக் குழம்பாக இருப்பதால் ஊசி அடைத்துக்கொள்ளும், தசைக்குள் ஆழமாக, மெதுவாகத்தான் போட வேண்டும், ரத்தக்குழாயில் போகவே கூடாது. அதனால் பழக்கப்பட்ட ஆள் இருக்கிற, ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் இருக்கிற இடத்தில்தான் போட வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். "டெஸ்ட் டோஸ்" போட்டுப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஜவ்வாது மலையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு ஊசிக்காக ஒரு நாள் கூலி போகிறது, புரிகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ள ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தை மருந்தும் நம் வெயிலும்

தூளாக வருகிற சிரப்பில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை, பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். சூடான தண்ணீர் கூடாது. நுரை அடங்கினதும் கோடு இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றிச் சரி செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் கொடுப்பதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் வெறும் இனிப்புத் தண்ணீரும் கடைசி நாள் மொத்த மருந்தும் உள்ளே போகும். கலந்த பிறகு பெரும்பாலானவற்றுக்கு ஒரு வாரம்தான் ஆயுள், லேபிளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு, ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் வைத்தே ஆக வேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் பைக் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த சிரப்பை நான் நம்ப மாட்டேன். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையா, கூச்சப்படாமல் கவுன்டரில் சொல்லுங்கள். அமாக்சிசிலின் தண்ணீரில் கரைகிற மாத்திரையாகவே வருகிறது, டாக்டரிடம் ஒரு போன் பேசி மாற்றிக்கொள்ளலாம். அளவுக்குப் பாட்டிலோடு வருகிற மூடி அல்லது சிரிஞ்சு மட்டும். வீட்டு ஸ்பூன் ஒன்றுக்கொன்று அளவு மாறும்.

பென்சிலின் ஒத்துக்காது என்று சொல்வதற்கு முன்

இது முக்கியம். "எனக்குப் பென்சிலின் அலர்ஜி" என்று ஃபைலில் ஒரு வரி ஏறிவிட்டால், அதன்பிறகு வாழ்நாள் முழுக்க உங்களுக்கு எழுதப்படுவது பெரும்பாலும் அகன்ற வீச்சு மருந்தாகத்தான் இருக்கும். ஆனால் பென்சிலின் அலர்ஜி என்று சொல்கிறவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதில்லை. சின்ன வயசில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பு, மருந்து போட்டபோது வந்த வயிற்றுப்போக்கு, அம்மாவுக்கு இருந்ததால் எனக்கும் இருக்கும் என்ற ஊகம், இவையெல்லாம் அலர்ஜிக் கணக்கில் ஏறிவிடுகின்றன. அதனால் வெறுமனே அலர்ஜி என்று சொல்லாமல் என்ன மருந்து, எந்த வயசில், போட்டு எவ்வளவு நேரத்தில், என்ன ஆயிற்று, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா என்று விவரமாகச் சொல்லுங்கள். நீங்களே வீட்டில் ஒரு மாத்திரை போட்டுச் சோதிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மருந்து போட்ட சில நிமிஷத்திலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ உடம்பெல்லாம் தடித்து அரிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சு இழுப்பு, தலைசுற்றி விழுவது என்று வந்தால் அது நிஜம். 108-க்குக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரி. அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. சில நாள் கழித்துத் தோல் உரிவது, வாயிலும் கண்ணிலும் புண் வருவது இதுவும் அவசரம்தான்.

எத்தனை நாள்

டாக்டர் எழுதின அத்தனை நாள். குறைக்காதீர்கள், நல்லா இருக்கே என்று நீங்களாக நீட்டிக்கவும் செய்யாதீர்கள். முன்பு நீளமாகக் கொடுத்த பல தொற்றுகளுக்கு இப்போது ஐந்து, ஏழு நாளே போதும் என்று ஆகியிருக்கிறது, அதனால் "அஞ்சு நாளைக்குத்தான் குடுத்தாரு, பத்தாதே" என்று இன்னொரு அட்டை வாங்க வேண்டாம். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடருங்கள்.

48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சலோ வலியோ வீக்கமோ கொஞ்சமாவது இறங்க வேண்டும். தோலில் சிவப்பு பரவுகிறதா என்று தெரிய, முதல் நாளே அதன் ஓரத்தில் பால் பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைத்தால் போதும். கோட்டைத் தாண்டினால், காய்ச்சல் ஏறினால், உளறல், மூச்சுத்திணறல், மூத்திரம் குறைவது என்று எதாவது வந்தால் மூன்று நாள் கணக்குப் பார்க்காமல் கிளம்புங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்தில் எதுவோ. போகும்போது மருந்து அட்டை, பழைய ரிப்போர்ட், சர்க்கரை பி.பி. மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், மூட்டுவாதம் போன்றவற்றுக்கு மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர்கள் எந்த ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

மருந்தை மாற்றினதால் அட்டையில் மாத்திரை மிஞ்சியிருந்தால் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த காய்ச்சலுக்கு என்று ஃப்ரிட்ஜ் மேலும் வைக்காதீர்கள். பாலாற்றிலோ கழிப்பறையிலோ போடுவதும் கூடாது, வாங்கின கடையில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, பழைய காபித்தூளோடோ மண்ணோடோ கலந்து, கவரில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி செல்போனில் படம் பிடித்து வைத்தால், அடுத்த தடவை தொற்று வரும்போது போன தடவை எது கேட்டது, எது கேட்கவில்லை என்று டாக்டர் அதைப் பார்த்தே முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும், ரிப்போர்ட் வரும்வரை.